வட்டத்துக்குள் நுழையத் தெரிந்தால் கோல்
நெகிரி செம்பிலான் கல்லூரி ஹாக்கி அணிகளின் தாக்குதல் எங்கே தேங்குகிறது?

2017 ஜூன் மாதம் லண்டனில் நடந்த உலக ஹாக்கி லீக் கால் இறுதியில், தரவரிசையில் தன்னைவிட மேலே இருந்த இந்தியாவை மலேசியா 3-2 என்று வீழ்த்தியது. மலேசியாவின் ராசி ரஹிம் அடித்த இரண்டு கோல்களும் பெனால்டி கார்னரில் கிடைத்தவை. அடுத்த ஆண்டு புவனேஸ்வரில் நடந்த உலகக் கிண்ணத்துக்கு மலேசியா போனதும் அந்தப் போட்டித் தொடரின் பலனால்தான்.

நீலாய், சிரம்பான் வட்டாரக் கல்லூரி அணிகள் மனத்தில் வைக்க வேண்டிய ஆட்டம் அது. நம் மாணவர்களிடம் ஓட்டம் இருக்கிறது, கைவேகம் இருக்கிறது. நடுத்திடலில் இரண்டு பேரை வெட்டித் தாண்டவும் தெரியும். ஆனால் எதிரணியின் 23 மீட்டர் கோட்டைத் தாண்டியதும் ஆட்டம் மங்கிவிடுகிறது. பந்தை வைத்திருப்பவர் மூன்று பேருக்கு நடுவே மாட்டிக்கொள்கிறார். மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள்.

புல் திடல் தந்த பழக்கம்

இதற்கு ஒரு வரலாறு உண்டு. லாபு, லிங்கி, சுவா பெத்தோங் போன்ற தோட்டங்களில் கால்பந்துதான் ராஜா. ஹாக்கி மட்டை நம் பிள்ளைகளின் கைக்கு வந்தது பெரும்பாலும் சிரம்பானின் செயின்ட் பால், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் போன்ற ஆங்கிலப் பள்ளிகள் வழியாக. மேடு பள்ளமான புல்லில் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று சொல்ல முடியாது. அங்கே தூரத்துப் பாஸை நம்புவதைவிட, பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடுவதே பத்திரம். தனி ஆளின் சாமர்த்தியம் அப்படித்தான் ஆட்டத்தின் உயிராயிற்று.

1975-இல் கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் மகேந்திரன், ஸ்ரீ சண்முகநாதன், பாலசிங்கம் ஆகியோர் இருந்த மலேசிய அணி நான்காம் இடம் பிடித்தது புல் திடலில்தான். மறு ஆண்டே மொன்றியல் ஒலிம்பிக் செயற்கைத் திடலுக்கு மாறியது. அங்கே நியூசிலாந்து தங்கம் வென்றது. உலகக் கிண்ணத்தை வைத்திருந்த இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. சமதளத்தில் பந்து நேராக, வேகமாக ஓடும். எவ்வளவு வேகமான காலும் பாஸின் வேகத்துக்கு ஈடாகாது. இன்று நம் மாநிலத்திலும் சிரம்பான் 2-இல் செயற்கைத் திடல் இருக்கிறது. திடல் மாறிய அளவுக்குப் பழக்கம் மாறவில்லை.

தூக்கி அடிப்பதா, கொண்டுபோவதா?

ஹாக்கியில் வட்டத்துக்கு வெளியிலிருந்து அடித்த பந்து, உள்ளே தாக்கும் அணியின் மட்டை எதிலும் படாமல் வலைக்குள் போனால் கோல் இல்லை. கோல் கம்பத்திலிருந்து 14.63 மீட்டர் தூரத்தில் வரைந்த அந்தக் கோட்டுக்குள் நம் ஆள் ஒருவர் பந்தைத் தொட்டாக வேண்டும். ஆகவே காலியான வட்டத்தை நோக்கி ஓங்கி அடிப்பது, பந்தை எதிரணியிடம் கொடுப்பதற்குச் சமம்.

பனித்தளத்தில் ஆடும் ஐஸ் ஹாக்கியிலும் இதே விவாதம் நடந்தது. எதிரணிப் பகுதியின் நீலக் கோட்டைத் தாண்டி வட்டை வீசிவிட்டுத் துரத்துவதா, கட்டுப்பாட்டோடு கொண்டுபோவதா? வட அமெரிக்காவில் ஆட்டங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தவர்கள், கொண்டுபோகும்போது ஏறக்குறைய இரு மடங்கு ஷாட்கள் கிடைப்பதைக் கண்டார்கள்.

கொண்டுபோவதற்கு வழி ஓரங்களில் இருக்கிறது. 55 மீட்டர் அகலத் திடலில் எதிரணி நடுவைத்தான் அடைத்து நிற்கும். வலது ஓரமாக இறங்கி, பின்கோட்டை ஒட்டி வட்டத்துக்குள் புகுந்து, பந்தைப் பின்னோக்கித் தள்ளுங்கள். அப்போது தடுப்பாளர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் வருகிறவர் கண்ணில் பட மாட்டார்.

அந்தப் பந்துக்காக மூன்று இடங்களில் மூன்று பேர் வர வேண்டும்: அருகிலுள்ள கம்பம், தூரத்துக் கம்பம், பெனால்டி புள்ளி. 1990-களில் ஆஃப்சைடு விதி நீங்கியதிலிருந்து தூரத்துக் கம்பத்தருகே ஒருவர் போய் நிற்பதைத் தடுக்க எந்த விதியும் இல்லை. இருந்தும் அந்த இடம் காலியாகவே கிடப்பதைப் பல ஆட்டங்களில் பார்க்கலாம்.

தாக்குதல் தொடங்கும் இடத்தையும் மாற்ற வேண்டும். எதிரணி தன் பகுதியிலிருந்து பந்தை எடுத்து வரும்போதே மூன்று முன்வரிசை ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு ஓரத்துக்கு நெருக்கினால், பந்து கிடைக்கும் இடத்திலிருந்து கோலுக்கு இரண்டே பாஸ். நம் பாதியில் பறித்த பந்துக்கு ஆறு, ஏழு பாஸ் தேவைப்படும். ஒவ்வொன்றிலும் இழக்கும் ஆபத்து உண்டு. மூன்று பேரும் ஒன்றாக நெருக்காமல் ஒருவர் மட்டும் துரத்தினால் அது வீண் ஓட்டம்.

தினமும் சீவும் கை

வட்டத்துக்குள் நுழைந்தும் ஷாட் கிடைக்கவில்லையா? தடுப்பாளரின் காலைத் தேடுங்கள். பந்து அவர் காலில் பட்டால் பெனால்டி கார்னர். அப்போது கோல் காவலரோடு சேர்த்து ஐந்து பேர் மட்டுமே தடுக்கலாம். மீதி ஆறு பேர் நடுக்கோட்டுக்குப் போய்விட வேண்டும். இவ்வளவு நல்ல வாய்ப்பு ஓடும் ஆட்டத்தில் அபூர்வம்.

கல்லூரி அணிகள் இதில் ஃபிளிக் அடிப்பவரை மட்டுமே தேடுகின்றன. பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளுபவர், வட்டத்துக்கு வெளியே அதை அசையாமல் நிறுத்துபவர், இழுத்து எறிபவர் மூவரும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். பால்மரம் சீவுகிறவர் தினமும் அதே சாய்வில், அதே ஆழத்தில் கத்தி வைப்பதுபோல இந்த மூவருக்கும் ஒவ்வொரு பயிற்சியிலும் தனி நேரம் வேண்டும். இப்படி இழுத்து எறியும் டிராக் ஃபிளிக் கைவராத அணி கவலைப்பட வேண்டாம். முதல் அடி ஓங்கி அடிப்பதாக இருந்தால் பந்து 46 சென்டிமீட்டர் உயரத்துக்குள் கோல் கோட்டைத் தாண்ட வேண்டும். அதற்குக் குறி தவறாத தாழ்ந்த அடி போதும். கம்பத்தருகே மட்டை நீட்டிப் பந்தைத் திருப்ப ஒருவர் நின்றால் இன்னும் நல்லது.

கோல் காவலர் பயப்படுவதும் இப்படித் திசை மாறும் பந்துக்கும் கால்கவசத்தில் பட்டுத் தெறிக்கும் பந்துக்கும்தான். தம்பினில் பிறந்த எஸ். குமார் போன்ற தேர்ந்த காவலரிடம் நேராக வரும் முதல் ஷாட் பெரும்பாலும் பலிக்காது. இரண்டாவது ஷாட்டுக்கு ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. பயிற்சியிலேயே, ஷாட் அடித்தவர் நின்றுவிடாமல் கோலை நோக்கி மூன்று எட்டு எடுத்து வைக்கப் பழக வேண்டும்.

முன்னணியைக் காப்பதும் தாக்குதலின் வேலைதான். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியில் ஜப்பானுக்கு எதிராக ஆறு கோல் அடித்து முன்னணியில் இருந்தும் மலேசியாவுக்குத் தங்கம் கிட்டவில்லை. ஆட்டம் 6-6 என முடிந்து, ஷூட் அவுட்டில் 3-1 என்று தோற்றது. அதோடு தோக்கியோ ஒலிம்பிக்குக்கான நேரடி இடமும் போயிற்று. முன்னணியில் இருக்கும்போது எதிரணியின் மூலையில் பந்தைப் பிடித்து வைக்கும் முன்வரிசை, தடுப்பாளர்களுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கிறது.

செயற்கைத் திடல் வாரம் முழுவதும் கிடைக்காது. அதை ஒரு சாக்காகச் சொல்லவும் வேண்டாம். எல்லா ஊரிலும் இருக்கும் ஃபுட்சால் தளத்தில் ஐந்துக்கு ஐந்து ஆடலாம். ஓங்கி அடிக்கக் கூடாது, தள்ளிவிடுவது மட்டுமே என்று விதி வைத்தால் குறுகிய இடத்தில் பந்தை நிறுத்துவதும் உடனே கொடுப்பதும் தானாக வந்துவிடும்.

அடுத்த ஆட்டத்தில் காயம்பட்ட மாணவர் ஒருவரிடம் நோட்டைக் கொடுத்துக் கரையில் உட்கார வையுங்கள். எத்தனை முறை வட்டத்துக்குள் நுழைந்தோம், எந்தப் பக்கமாக, அதில் எத்தனை ஷாட் ஆனது, எத்தனை கார்னர் கிடைத்தது என்று குறிக்கச் சொல்லுங்கள். இருபது முறை நுழைந்து மூன்று ஷாட் மட்டுமே என்றால் உள்ளே ஆள் வரவில்லை. ஐந்து முறைதான் நுழைந்தோம் என்றால் கோளாறு நடுத்திடலில். எதைப் பழக வேண்டும் என்பதை அடுத்த வாரப் பயிற்சிக்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.