செயற்கை அறிவும் நம் தீவுப் பிள்ளைகளும்

அந்தமானில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு உயர்கல்வி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கப்பல்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அக்பரிலோ ஹர்ஷவர்தனாவிலோ ஏற்றி அனுப்பிவிட்டு, மூன்று நாள் கழித்து சென்னைத் துறைமுகத்தில் நல்லபடியாக இறங்கிவிட்டான் என்ற செய்தி வரும்வரை சரியாகச் சாப்பிடாத தாய்மார்கள் நம்மிடையே உண்டு. 1967ஆம் ஆண்டு போர்ட் பிளேரில் ஜவாஹர்லால் நேரு ராஜகீய மகாவித்யாலயா தொடங்கப்பட்டது. பிறகு 1984இல் பாலிடெக்னிக், 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி, 2015இல் மருத்துவக் கல்லூரி என்று ஒவ்வொன்றாக வந்தன. போர்ட் பிளேர் என்ற பெயரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. எனினும், "நல்ல படிப்பு என்றால் மெயின்லேண்ட்" என்ற எண்ணம் மட்டும் நம் வீடுகளில் மாறாமல் இருந்து வந்தது.

அந்த எண்ணத்தையே அசைத்துப் பார்க்கும் ஒன்று இப்போது வந்திருக்கிறது. அதுதான் செயற்கை நுண்ணறிவு. கேள்வி கேட்டால் பதில் சொல்கிறது. கட்டுரை கேட்டால் எழுதித் தருகிறது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறது. இது நம் பிள்ளைகளின் படிப்பை வளர்க்குமா, கெடுக்குமா என்று சங்கத்தில் சந்திக்கும் அன்பர்கள் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு என்னால் இயன்ற பதிலே இக்கட்டுரை.

வடம் வந்த கதை

2020ஆம் ஆண்டு வரை இத்தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. மழை பெய்தால் ஒரு வேகம், வெயில் அடித்தால் ஒரு வேகம். விண்ணப்பப் படிவம் ஒன்றைத் திறக்க நள்ளிரவில் கண் விழித்த மாணவர்கள் உண்டு. 2020 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கண்ணாடியிழை வடம் பயன்பாட்டுக்கு வந்தது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். 1,224 கோடி ரூபாய்ச் செலவு. போர்ட் பிளேருடன் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றையும் அது இணைத்தது.

அதே 2020ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் ஓர் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஜே.இ.இ. தேர்வு இல்லாமலே, நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் வென்றால் அதில் சேரலாம். பாடங்களை வீட்டில் இருந்தே படிக்கலாம். முக்கியத் தேர்வுகளை மட்டும் தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுத வேண்டும். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகளைத் தரும் என்.பி.டி.இ.எல்., மத்திய அரசின் ஸ்வயம் தளம் ஆகியனவும் இருக்கின்றன. ஆக, தூரம் என்ற பழைய தடையில் பெரும்பகுதி நீங்கிவிட்டது எனலாம். 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளியானபோது, அது சென்னை மாணவனுக்கும் நம் தீவு மாணவனுக்கும் ஒரே நாளில் கிடைத்தது. இப்படி ஒன்று இதற்கு முன் நமக்கு வாய்த்ததில்லை.

எந்திரம் எப்படிப் பேசுகிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதி அச்சம் தீர்ந்துவிடும். இந்த மென்பொருள்கள் நூல்கள், செய்தித்தாள்கள், இணையப் பக்கங்கள் என்று மனிதர் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணக்கிடப் பழகியவை. 2017இல் கூகுள் ஆய்வாளர்கள் எட்டுப் பேர் வெளியிட்ட ஓர் ஆய்வுக் கட்டுரைதான் இன்றைய வடிவத்துக்கு அடித்தளம். கடலைப் பற்றி எழுதப்பட்ட அனைத்தையும் படித்துவிட்டு, கடலில் ஒருநாளும் கால் நனைக்காத ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் கடலைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். பெரும்பாலும் சரியாகவே பேசுவார். தெரியாத இடம் வந்தாலும் நிறுத்தாமல் அதே தோரணையில் பேசிக்கொண்டே போவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2023இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர்கள் இருவர் சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படிப்பட்ட வழக்குகளே கிடையாது! நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். படித்துப் பட்டம் பெற்ற வழக்கறிஞர்களுக்கே இந்த நிலை என்றால், முதலாண்டு மாணவனைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

பயிற்சியில் வெற்றி, தேர்வில் தோல்வி

பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் அமெரிக்க ஆய்வாளர்கள் நடத்தியது; 2024இல் வெளிவந்தது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு பிரிவினருக்குச் சாட்ஜிபிடி போன்ற உதவியை அப்படியே கொடுத்தார்கள். பயிற்சியில் அவர்கள் மற்றவர்களைவிட 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். பிறகு உதவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அந்த உதவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகச் செய்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு விடையை நேராகச் சொல்லாமல், குறிப்பு மட்டும் தந்து யோசிக்க வைக்கும்படி அமைத்த மென்பொருளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அந்தச் சரிவு ஏற்படவில்லை.

இதில் நமக்கான பாடம் தெளிவு. விடையை வாங்கிக்கொள்கிறவன் தேய்கிறான். வழியைக் கேட்கிறவன் தேறுகிறான். பிள்ளை கணினி முன் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. என்ன கேட்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும்.

கல்லூரிகளும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மேலைநாடுகளில் பல ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே பேனாவால் எழுதும் தேர்வுக்கும் வாய்மொழித் தேர்வுக்கும் திரும்பியிருக்கிறார்கள். எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கவென்றே மென்பொருள்களும் வந்தன. ஆனால் 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தாமே எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை "எந்திரம் எழுதியது" என்று அவை தவறாகக் குறித்தன. எளிய சொற்களால் எழுதியதே அவர்கள் செய்த குற்றம்! மெயின்லேண்டுக்கோ வெளிநாட்டுக்கோ போகும் நம் பிள்ளைகளுக்கும் இது நேரலாம். ஆகவே கட்டுரையின் முதல் படிகளையும் குறிப்பேடுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதியவன் தான்தான் என்று காட்ட அவையே சாட்சி.

தீவைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

சோதித்துப் பார்க்கலாம் என்று நான் ஓர் உரையாடல் மென்பொருளிடம் கச்சால் தீவுத் தமிழர்களின் வரலாற்றைத் தமிழில் கேட்டேன். ஆங்கிலேயர் காலத்தில் கைதிகளாக அழைத்து வரப்பட்டவர்களின் சந்ததியினர் என்று அழகான தமிழில் எழுதித் தந்தது. கச்சாலில் உள்ள நம்மவர்களுக்கு இது சிரிப்பையும் வேதனையையும் ஒருங்கே தரும். 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர் இந்தியா திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியவர்களில் ஒரு பகுதியினர்தான் கச்சாலின் ரப்பர்த் தோட்டத்துக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து ரப்பர் மரத்தில் பால் எடுக்கக் கற்றுக்கொண்டு, 2004 டிசம்பர் 26இன் சுனாமியையும் கண்டவர்கள்.

எந்திரம் ஏன் தவறிற்று? செல்லுலார் சிறையைப் பற்றி ஆயிரமாயிரம் பக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கச்சால் தமிழரைப் பற்றியோ மிகச் சொற்பம். "அந்தமான்" என்றதும் "கைதி" என்ற சொல்லுக்குத் தாவுவது அதற்கு எளிதாகிவிட்டது. எழுதாத வரலாற்றின் இடத்தை எழுதிய வரலாறு பிடித்துக்கொண்டது.

மொழியிலும் இதே கதைதான். எந்திரம் எழுத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கித்தான் படிக்கிறது. அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியதால், தொடக்ககால மென்பொருள்களில் ஒரே கருத்தைத் தமிழில் சொல்ல ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு துண்டுகள் ஆயின. செலவும் அதற்கேற்பக் கூடியது. இப்போது நிலை தேறி வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழுவும், மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி திட்டமும் இந்திய மொழிகளுக்காக உழைக்கின்றன. ஆயினும் அவர்களுக்கும் மூலப்பொருள் நாம் எழுதுவதும் பேசுவதும்தான்.

நம் தீவிலேயே இதற்குச் சான்று உண்டு. 2010 ஜனவரி 26ஆம் நாள் போவா சீனியர் என்ற மூதாட்டி மறைந்தபோது, "போ" என்ற பெரிய அந்தமானிய மொழியைப் பேசிய கடைசி மனிதரும் மறைந்தார். இன்று அந்த மொழியைப் பற்றி நாம் அறிவதற்குப் பேராசிரியை அன்விதா அப்பி அவர்கள் அந்த அம்மையாருடன் அமர்ந்து பதிந்து வைத்தது பெருந்துணை. பதியாமல் விட்டதை எந்தச் செயற்கை அறிவாலும் மீட்டுத் தர இயலாது. சுனாமியின்போது லிட்டில் அந்தமானின் ஓங்கே மக்கள் கடலின் போக்கைக் கண்டதும் மேட்டு நிலத்துக்குப் போய் உயிர் தப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றிய அறிவு எந்தப் புத்தகத்திலும் இருந்ததல்ல. முன்னோர் வாய்வழி வந்தது.

பிள்ளைகளுக்கு எது வேலை?

தட்டச்சு, படிவம் நிரப்புதல், சுருக்கி எழுதுதல் போன்ற மேசை வேலைகளில் பலவற்றை எந்திரம் செய்யத் தொடங்கிவிட்டது. அரசு அலுவலக எழுத்தர் பணியையே குறியாகக் கொண்டு பிள்ளைகளை வளர்த்த நாம் இதைக் கவனிக்க வேண்டும். அதற்காக எல்லோரும் "ஏ.ஐ." என்று பெயர் ஒட்டிய படிப்பில் விழுந்து சேர வேண்டும் என்பதும் இல்லை. இன்று பல தனியார் கல்லூரிகள் அப்பெயரில் பிரிவு தொடங்கியுள்ளன. சேர்க்குமுன் கற்பிக்கும் ஆசிரியர் யார், கணிதமும் புள்ளியியலும் எவ்வளவு கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த அடித்தளம் இல்லாத பட்டம் நாளடைவில் வெறும் காகிதம்.

கடல் உயிரியல், செவிலியம், சட்டம், ஆசிரியப் பயிற்சி என்று எதைப் படித்தாலும், எந்திரம் சொன்னது சரியா என்று பார்க்கத் தெரிந்தவனுக்கு மதிப்பு உண்டு. பவளப்பாறையைக் கண்ணால் பார்த்த மாணவிதான் எந்திரத்தின் விவரத்தில் பிழை காண முடியும். கண்ணால் காண்பதற்கு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் கடலும் காடும் யாருக்குக் கிடைக்கும்?

நாம் செய்யக்கூடியவை

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். எந்திரத்தைத் தடை செய்யாதீர்கள். பிள்ளை ஒளித்துப் பயன்படுத்துவான். "முதலில் நீ முயன்று பார். பிறகு அதனிடம் குறிப்புக் கேள். கடைசியில் அது சொன்னதை எனக்கு உன் வாயால் தமிழில் விளக்கு" என்று சொல்லுங்கள். உங்களுக்குப் பாடம் புரிய வேண்டிய அவசியமில்லை. பிள்ளை தடுமாறாமல் சொல்கிறானா என்பது எந்தத் தாய் தந்தைக்கும் தெரியும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பத்திலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளை ஒருவர் தாத்தா பாட்டியிடம் அமர்ந்து, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் வந்தோம், முதலில் என்ன வேலை செய்தோம் என்று கேட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். குரலையும் பதிந்து வைக்கட்டும். சரிபார்த்து நம் இதழில் அச்சிடுவோம். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் வெளிவந்த ஆதாரம் கேட்பார்கள். அந்த ஆதாரமாக நம் இதழ் இருக்கலாம். அதைப் படித்துத்தான் நாளைய எந்திரமும் கற்கும்.

அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒன்று என்றோ ஒருநாள் எங்கிருந்தோ "அந்தமான் தமிழர் யார்?" என்று கேட்கும்போது வரும் பதில், நாம் இப்போது எழுதி வைப்பதைப் பொறுத்தது. பெரியவர்கள் நம்மோடு இருக்கிறார்கள். பொங்கல் விடுமுறைக்குள் முதல் இருபது பக்கங்களாவது கைக்கு வந்து சேர வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளை உட்கார வைக்கும் பொறுப்பு பெற்றோர்களாகிய உங்களுடையது.