துறைப்பெயர் இல்லாத காத்திருப்பு

புறநானூற்றின் 278ஆம் பாட்டில் ஒரு கிழவி வாளோடு போர்க்களத்துக்குப் போகிறாள். மகன் புறமுதுகிட்டு மாண்டான் என்று ஊர் பேசுகிறது. அது மெய்யானால் அவன் பாலுண்ட மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி வந்தவள், கிடக்கும் பிணங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். வெட்டுண்டு சிதைந்த மகன் உடல் அகப்படுகிறது. பெற்ற நாளைவிடப் பெரிதும் மகிழ்ந்தாளாம். பாடியவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார். ‘வீரத்தாய்’ என்று பரீட்சையில் எழுதி நாங்கள் மதிப்பெண் வாங்கிய பாட்டு இது. இப்போது படித்தால் வேறொன்று உறுத்துகிறது: அவளுக்கு உடலாவது கிடைத்தது.

அந்த மகிழ்ச்சிக் கண்ணீருக்கு ‘உவகைக் கலுழ்ச்சி’ என்று, பாட்டின் சூழலைக் குறிக்கும் துறைப்பெயர் உண்டு. கணவனை இழந்தவளின் நோன்புக்குத் ‘தாபத நிலை’. ஒக்கூர் மாசாத்தனாரின் 248ஆம் பாட்டு அந்தத் துறை. கணவன் எப்படி மாண்டான் என்பதை அது சொல்வதில்லை. அவள் என்ன சாப்பிடுகிறாள் என்பதைச் சொல்கிறது. இளமையில் தழையாடையாக உடுத்திய அதே ஆம்பலின் அரிசிதான் இன்று உணவு, அதுவும் வேளை தப்பி. என்னைக் கேட்டால், வாளேந்திய கிழவியைவிட இவளே நெடுநாள் கூட வருகிறாள்.

ஈழத்துப் போர்க்காலக் கவிதையும் இந்த வீட்டுப் பக்கம்தான் திரும்பியது. 1986இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பு முழுக்கப் பெண்கள் எழுதியது. 1991இல் இறந்த கவிஞர் சிவரமணி, குழந்தைகள் தும்பியின் சிறகைப் பிய்ப்பதையும் தடியைத் துப்பாக்கியாக்கி நண்பனைச் சுட்டு விளையாடுவதையும் எழுதினார். யுத்தகால இரவு அவர்களை முதிரவைத்துவிடுகிறது. அங்கே வீரம் பேச யாருக்கும் நேரமில்லை.

2009இல் போர் முடிந்த பிறகு ஆம்பல் அரிசியின் இடத்துக்குக் கஞ்சி வந்தது. முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களில் உயிரைப் பிடித்துவைத்த அந்த வெறுங்கஞ்சியை, ஆண்டுதோறும் மே மாதத்தில் இறந்தோர் நினைவாகக் காய்ச்சிப் பகிர்கிறார்கள்.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த நினைவுநாளும் நிச்சயமில்லை. சங்கப் பாட்டின் முல்லைத்திணைத் தலைவியும் கணவனுக்காகக் காத்திருந்தாள். கார்காலம் தொடங்கினால் தேர் திரும்பும் என்பது சொல்லிவிட்டுப் போன கணக்கு. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார், பிள்ளைகளின் படங்களோடு தெருவோரத்தில் அமர்ந்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ மாரி பெய்து ஓய்ந்துவிட்டது. காத்திருந்தே கண்மூடிய தாய்மாரும் உண்டு. மற்றவர்கள் படத்தைத் துடைத்து மறுபடி மடியில் வைத்துக்கொள்கிறார்கள்.