ஓர் அங்குலம் குறையட்டும்

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், கையிலிருந்த பழைய ஜப்பான் காரைத் திருத்தித் திருத்தி ஓடுவதே பலருக்கு வழியாக இருந்தது. அப்படிக் காப்பாற்றிய ஒரு ஹொண்டா சிவிக்கையோ சுசுகி சுவிஃப்ட்டையோ மஸ்டா எம்.எக்ஸ்.5ஐயோ பந்தயத் தடத்தில் ஒருநாள் மனம்போல ஓட்டிப் பார்க்கத் திருகோணமலைக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால், முதலில் நெடுந்தூரம் போகவேண்டும். களுத்துறைக்குப் பக்கத்திலுள்ள கட்டுகுருந்த, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம். பிற்காலத்தில் அதன் ஓடுபாதை கார்ப் பந்தயத்துக்கும் பயன்பட்டது. நுவரெலியாவின் மகஸ்தோட்டையில் 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. பாக்கு நீரிணைக்கு அப்பால் சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் திறக்கப்பட்டது. எங்கே போனாலும் ஆசை ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: ரிம்மை மாற்றவேண்டும், பாரம் குறைந்த அலோய் ரிம் போடவேண்டும். அந்த ஆசை நியாயமானது. ஆனால் கடைக்குப் போனதும் கண் போகும் பளபளப்பான 17 அங்குல நகல் ரிம், அந்த ஆசைக்கு நேர் எதிரான பொருள். குறைந்த செலவில் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால், விட்டத்தில் ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ குறைந்த, பேர்தெரிந்த தொழிற்சாலையில் வார்த்த, வெல்ட் படாத பாவித்த ரிம்மைத் தேடுவதே சரியான வழி.

பாரம் குறைந்த ரிம் என்ன தரும், என்ன தராது என்று முதலில் தெளிவாகிவிட வேண்டும். சுழலும் பொருளை முன்னே தள்ளவும் வேண்டும், சுழற்றவும் வேண்டும். ஆகவே சில்லிலுள்ள ஒரு கிலோ, இருக்கைக்கு அடியிலுள்ள ஒரு கிலோவைவிட அதிகமாக எஞ்சினை வருத்தும். எவ்வளவு அதிகம் என்பது அந்த உலோகம் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஏறத்தாழ 596 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரே அளவு டயரில், 15 அங்குல ரிம்மின் வெளிவளையத்திலுள்ள ஒரு கிலோ முடுக்கத்தில் 1.4 கிலோவாகக் கணக்காகும். 17 அங்குல ரிம்மில் அது 1.5 கிலோவைத் தாண்டும். டயரின் வெளிப்பரப்பிலுள்ள ஒரு கிலோ கிட்டத்தட்ட இரண்டு கிலோவுக்குச் சமம். இனி ஒரு ரிம்முக்கு மூன்று கிலோ குறைத்தோம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ரிம்முக்கும் 12 கிலோ. சுழற்சியையும் சேர்த்தால் 17 கிலோ அளவில் வரும். நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று காரிலிருந்து இறங்கிக்கொண்டதற்கு ஒப்பான பலன் அது. ஓட்டுநரோடு 1,100 கிலோ நிறையுள்ள காரில் ஒன்றரை வீதம். நேர்ப்பாதையில் கார் பறக்கப் போகிறது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

உண்மையான இலாபம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. ரிம், டயர், பிரேக் தட்டு, ஹப் எல்லாம் சேர்ந்து சிறிய காரின் ஒரு மூலையில் முப்பது கிலோவை ஒட்டிய பாரம் ஸ்பிரிங் தாங்காமல் நேராகத் தரையோடு ஓடுகிறது. அந்த முப்பதில் மூன்று போனால் பத்து வீதம் போகிறது. சில்லு ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது அதை மீண்டும் தரையோடு அழுத்துவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோர்பரும்தான். அவை இழுத்துப் பிடிக்கவேண்டிய பாரம் குறைந்தால் டயர் தரையைவிட்டு எழும் நேரம் குறையும். வளைவுக்கு நடுவே, பிரேக்கை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் அந்த நொடியில், கார் சொன்னதைக் கேட்பது இதனால்தான். முடுக்கத்தில் ஒன்றரை வீதம், தரையைப் பற்றுவதில் பத்து வீதப் பாரக் குறைவு: ரிம்முக்குக் காசு செலவழிப்பதை நியாயப்படுத்துவது இந்த இரண்டாவது கணக்குத்தான்.

அந்தப் பாரத்தை மலிவாகக் குறைக்கும் வழி விட்டத்தைக் குறைப்பது. ரேஸ் நிறுவனத்தின் டி.இ.37 ரிம் 1996இல் வந்தபோது, 6 அங்குல அகலமுள்ள 15 அங்குல அளவில் அது 3.7 கிலோ, பெயரிலுள்ள 37 அந்த நிறையிலிருந்து வந்ததுதான். அலுமினியக் கட்டியைப் பேரழுத்தத்தில் அடித்து உருவாக்குவதால் அத்தனை மெலிவு, அத்தனை விலை. அதற்குக் கீழ்ப்படியில் என்கேயின் ஆர்.பி.எஃப்.1 இருக்கிறது. நடுப்பகுதியை வார்த்து, வெளிவளையத்தை மட்டும் சுழற்றி அழுத்தி மெலிதாக்குகிறார்கள். 7 அங்குல அகலமுள்ள 15 அங்குல ரிம் நாலரைக் கிலோவை ஒட்டியது. இவை இரண்டுமே கைக்கு எட்டாதவருக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை: கார்த் தொழிற்சாலையே போட்ட பழைய அலோய் ரிம். 1989இல் வந்த முதல் மஸ்டா எம்.எக்ஸ்.5இன் 14 அங்குல ரிம் ஐந்தரைக் கிலோ அளவுதான். மலிவாக வார்த்த 17 அங்குல ரிம்கள் எட்டிலிருந்து பத்துக் கிலோ வரை போகின்றன. பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் பொறுமையாகத் தேடத் தயாராக இருப்பவருக்கு, விலை குறைந்த ரிம்மே பாரம் குறைந்த ரிம்மாகவும் அமையக்கூடும். வேறு பொருட்களில் இப்படிப் பொருந்துவது அபூர்வம். டயரிலும் அதே சேமிப்பு: 15 அங்குல டயர் விலை குறைவு, தடத்திலோ டயர் வேகமாகத் தேயும்.

நகல் ரிம்மை ஏன் இவ்வளவு கடுமையாக மறுக்கவேண்டும்? பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், அதன் உள்ளே என்ன இருக்கிறதென்று கண்ணால் அறிய முடியாது. அலோய் ரிம்மில் பெரும்பாலும் பயன்படுவது ஏழு வீதம் சிலிக்கன் கலந்த அலுமினியம். வார்த்தபின் அதைச் சுமார் 540 பாகை செல்சியசில் வைத்து, சட்டெனக் குளிர்வித்து, பிறகு குறைந்த சூட்டில் மணிக்கணக்காக முதிரவைத்தால்தான் முழுப் பலம் வரும். இந்தப் படியைத் தவறவிட்டாலும், வார்ப்பில் காற்றுக்குமிழ் நின்றாலும் வண்ணப்பூச்சு எல்லாவற்றையும் மறைத்துவிடும். ஜப்பானிய ரிம்மில் ஜே.டபிள்யூ.எல். என்றும், சிலவற்றில் கூடவே வி.ஐ.ஏ. என்றும் பொறித்திருக்கும். முன்னது, வளைவுச் சோர்வு, ஆரைப் பாரம், மோதல் ஆகிய சோதனைகளைக் கோரும் தரம். பின்னது, அதை வெளியார் அமைப்பு ஒன்று சரிபார்த்துப் பதிந்ததற்கான அடையாளம். அந்த எழுத்தையும் நகலெடுக்கிறார்கள் என்பதால் பொறிப்பை மட்டும் நம்ப முடியாது. தயாரித்தவர் பெயர், அளவு, ஒஃப்செட் எல்லாம் உலோகத்திலேயே தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெல்ட் பிடித்த ரிம்மும் இதே காரணத்தால் ஆகாது. வெல்ட் சூடு அந்த இடத்தின் முதிர்ச்சியை அழித்துவிடும். ஊருக்குள் மெதுவாக ஓடும்போது அது வெளியே தெரியாது. மணிக்கு 150 கிலோமீற்றரில் பிரேக் அழுத்தி வளைவுக்குள் நுழையும்போது தெரிந்துகொள்ளவேண்டிய செய்தியும் அதுவல்ல.

திருகோணமலைக்கென்று தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரையோரம் நிற்கும் காரின் ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தால் தெரியும்: நட்டு அழுத்திய இடத்தைச் சுற்றி வார்னிஷ் உரிந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும், இரும்பு ஹப்பும் அலுமினியமும் தொடும் முகத்தில் இரண்டும் ஒட்டிப்பிடித்துக் கழற்ற மறுக்கும், டயரின் விளிம்பு உட்காரும் பள்ளத்தில் அதே பொடி ஏறிக் காற்று மெல்லக் கசியும். உப்புக்காற்று செய்யும் வேலை இது. அலுமினியத்துக்கே இந்தக் கதி என்றால் மக்னீசியம் ரிம்மை இங்கே நினைக்கவே வேண்டாம். ஒரு கன சென்ரிமீற்றருக்கு அலுமினியம் 2.7 கிராம், மக்னீசியம் 1.74 கிராம்; அந்த வித்தியாசத்துக்காகத்தான் 1960களில் மினி கார்ப் பந்தயக்காரர்கள் மினிலைட் ரிம்மை நாடினார்கள். ஆனால் உப்பு மக்னீசியத்தை அலுமினியத்தைவிட மிக வேகமாக அரிக்கும். பழைய மக்னீசியம் ரிம் மலிவாகக் கிடைக்கிறதென்றால், மலிவுக்குக் காரணம் அனேகமாக அதுவே.

மறுப்புகளும் உண்டு, அவற்றில் ஒன்று கனமானது. சிறிய ரிம்முக்குள் பெரிய பிரேக் நுழையாது. உண்மை. புதிய ஸ்போர்ட்ஸ் கார்களில் பிரேக் கலிப்பருக்கே 16, 17 அங்குலம் தேவைப்படலாம். அப்போது அந்த அளவுக்கு மேலே போகாமல் நிற்பதே இந்த வாதத்தின் பயன். கலிப்பரின் வடிவை மட்டையில் வெட்டி ரிம்முக்குள் சுற்றிப் பார்த்தால் வாங்குமுன்பே பதில் கிடைக்கும். பெரிய ரிம்மில் டயரின் பக்கச்சுவர் குட்டையாவதால் திருப்பம் கூர்மையாகும் என்பார்கள். அதுவும் ஓரளவு சரி. 195/55 ஆர்15 டயரும் 205/40 ஆர்17 டயரும் வெளிவிட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்று. பக்கச்சுவரோ முன்னதில் 107 மில்லிமீற்றர், பின்னதில் 82. ஆனால் திருகோணமலைக்காரர் அதே ரிம்மில்தான் கந்தளாய், ஹபரணை வழியாகத் தடத்துக்கும் போய்த் திரும்பவேண்டும். தெருக்குழியில் இறங்கும்போது அந்த 25 மில்லிமீற்றர் ரப்பர்தான் ரிம்மின் விளிம்பைக் காப்பாற்றும். இரும்பு ரிம் போதாதா என்று கேட்பவர்களுக்கு, தொடக்கத்தில் போதும் என்பதே நேர்மையான பதில். அது பாரம், ஆனால் அடிபட்டால் பெரும்பாலும் நெளியும், உடையாது. முதல் முறை தடத்துக்குப் போகிறவர் நல்ல பிரேக் ஒயிலுக்கும் பிரேக் பேட்டுக்கும் டயருக்கும் காசைப் போடட்டும். ரிம் அதற்குப் பிறகுதான்.

பொருத்தத்தில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. நான்கு நட்டு, 100 மில்லிமீற்றர் வட்டம் என்று இரண்டு கார்களுக்கு ஒன்றாக இருந்தாலும் நடுத்துளை மாறும்: பழைய சிவிக்குக்கு 56.1, எம்.எக்ஸ்.5க்கு 54.1 மில்லிமீற்றர். துளை பெரிதானால் இடைவளையம் போடவேண்டும். ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை முக நட்டு, வெளியார் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு முக நட்டு. மாற்றிப் போட்டால் நட்டு ரிம்மை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்து ஓட்டத்தில் தளரும். ஹொண்டா, டொயோட்டா சிறிய கார்களில் நட்டை 103 முதல் 108 நியூட்டன் மீற்றர் வரை இறுக்கவேண்டும். தடத்தில் சில சுற்றுகள் ஓடி, ரிம் ஆறியபின் அதை மறுபடி சரிபார்க்கவேண்டும். வீடு திரும்பியதும் நன்னீரில் கழுவி, ஆரக்கால்கள் நடுப்பகுதியோடு சேரும் இடங்களைப் பின்பக்கமிருந்து வெளிச்சம் பிடித்துப் பார்க்கவேண்டும். சோர்வு விரிசல் தொடங்குவது அனேகமாக அங்கேதான். சந்தேகமிருந்தால், விரிசலுக்குள் ஊடுருவி நிறம் காட்டும் சாயம் இருக்கிறது, விலையும் அதிகமில்லை. மயிரிழை அளவு தெரிந்தாலும் அந்த ரிம் முடிந்துபோனது. அதை அப்படியே விற்றால் வெல்ட் பிடித்துப் பூச்சுப் பூசி வேறொருவர் காரில் ஏறிவிடும்; இரண்டாக அறுத்தபின்பே பழைய அலுமினியம் வாங்குகிறவரிடம் கொடுக்கவேண்டும்.