மகரகமவிலிருந்து கிண்ணியா வரை: ஆசிரியர் கற்கும் வழி

இலங்கையில் பாடசாலைக் கலைத்திட்டம் ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை திருத்தப்படுகிறது. 1999, 2007, 2015 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய திருத்தங்கள், ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் வகுப்பறையை விட்டு, மாணவர் தாமே தேடிக் கண்டறியும் வகுப்பறையை நோக்கிச் செல்வதைத் தம் இலக்குகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தன. ஆயினும் கரும்பலகையிலுள்ள குறிப்பைக் கொப்பியில் பார்த்தெழுதுவதிலேயே கழியும் பாடவேளை இன்றும் வழக்கொழியவில்லை. இதற்கு ஆசிரியரின் அசிரத்தையைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. மாணவர் எவ்வாறு கற்க வேண்டும் என்பதை விரிவாக வகுத்த திட்டங்கள், அந்தப் புதிய முறையை ஆசிரியர் எங்கே, யாரிடமிருந்து, எத்தனை நாளில் கற்றுக்கொள்வார் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே சிந்தித்தன. தலைநகருக்குத் தொலைவில், திருகோணமலை மாவட்டத்தில் உள்ள கிண்ணியா போன்ற கல்வி வலயத்திலிருந்து பார்க்கும்போது இக்குறை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

2007இல் 6ஆம், 10ஆம் தரங்களில் அறிமுகமான தேர்ச்சி மையக் கலைத்திட்டம் இதற்குத் தக்க சான்று. தேர்ச்சி என்பது, ஒன்றை அறிந்திருப்பதோடு நில்லாமல் அதைப் பயன்படுத்திக் காட்டும் ஆற்றல். அதற்கான கற்பித்தல் முறையாக, அமெரிக்காவில் ரொஜர் பைபீயும் அவர்தம் குழுவினரும் 1980களில் உருவாக்கிய ஐந்து கட்ட மாதிரி எடுத்தாளப்பட்டது: முதலில் மாணவரின் ஆர்வத்தைத் தூண்டி ஈடுபடுத்தல், அடுத்துத் தேடியறியவிடல், பின்னர் விளக்கல், அதனை விரிவாக்கல், இறுதியாக மதிப்பிடல். விளக்கம் மூன்றாவதாக வருவதே இம்மாதிரியின் உயிர்நாடி. குழந்தை ஒன்றோடு மல்லுக்கட்டிய பின்னரே ஆசிரியர் வாய் திறக்கிறார். ஆனால் இம்மாதிரி ஆசிரியரிடம் வந்துசேர்ந்ததோ பெரும்பாலும் விரிவுரையாகவும் கைந்நூலாகவும். தேடியறிதலின் சிறப்பைப் பிறர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டவர், அதைத் தம் வகுப்பில் எவ்வாறு நிகழ்த்துவார்?

விரிவுரையாக வந்ததற்கும் காரணம் உண்டு. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில் இருக்கிறது. அங்கே வளவாளர்கள் பயிற்றப்படுகின்றனர்; அவர்கள் மாகாண மட்டத்தில் பயிற்றுவிக்க, வலயத்தின் ஆசிரிய ஆலோசகர்கள் அதைப் பெற்றுக்கொண்டு, சில மணித்தியாலச் செயலமர்வாகப் பாட ஆசிரியருக்கு அளிக்கின்றனர். அடுக்குமுறைப் பயிற்சி எனப்படும் இவ்வழி, இலட்சக்கணக்கான ஆசிரியரைக் குறைந்த செலவில் எட்ட உதவுவது உண்மை. எனினும் ஒவ்வொரு படியிலும் நாள்கள் குறைகின்றன, செய்துபார்த்தல் உதிர்கிறது, எஞ்சுவது சுற்றறிக்கையின் சாரம். கிண்ணியா இவ்வழியின் கடைசிப் படியில் இருக்கிறது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும் வரை, திருகோணமலை நகரில் நடைபெறும் அரைநாள் செயலமர்வுக்குச் செல்லவும் அங்கே நீரைக் கடக்கப் படகுப் பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று பாலம் உண்டு. செயலமர்வோ அரைநாளாகவே இருக்கிறது.

அந்த அரைநாளில் பெற முடியாத அறிவு எது என்பதை, அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் 1986இல் பிரித்துக் காட்டினார். பாடத்தை அறிந்திருப்பது ஒன்று. வகுப்பை நடத்தத் தெரிவது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையில், குறித்த ஒரு பாடத்தில் குழந்தைகள் எங்கே இடறுவர், ஏன் இடறுவர், எந்த உதாரணம் கைகொடுக்கும், எது மேலும் குழப்பும் என்னும் மூன்றாம் வகை அறிவு இருக்கிறது. கணிதப் பட்டதாரிக்கு 0.7 என்பது 0.35ஐ விடப் பெரிது என்பதில் ஐயமே இராது. ஆனால் ஒரு மாணவி 0.35தான் பெரிதென்று எழுதும்போது, அவள் கவனக்குறைவால் தவறவில்லை, முப்பத்தைந்து ஏழைவிடப் பெரிது என்னும் முழுவெண் விதியை ஒழுங்காகவே பின்பற்றியிருக்கிறாள் என்பதைக் கண்டுகொள்ள வேறோர் அறிவு வேண்டும். அந்த அறிவு குழந்தைகளைக் கவனிப்பதால்தான் வளரும். கற்பித்துக்கொண்டிருப்பவருக்கோ கவனிக்க நேரமில்லை. ஆகவே கவனிக்க இன்னொருவர் வேண்டும்.

ஜப்பானில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரூன்றிய பாட ஆய்வு என்னும் மரபு இந்த இன்னொருவரைக் கொண்டுவந்து அமர்த்துகிறது. ஜேம்ஸ் ஸ்ரிக்லர், ஜேம்ஸ் ஹீபர்ட் ஆகியோர் 1999இல் வெளியிட்ட நூலின் பின்னர் ஏனைய நாடுகளிலும் பரவிய இம்முறையில், ஒரே பாடத்தின் ஆசிரியர்கள் சிலர் கூடி ஒரேயொரு பாடவேளையை ஆழமாகத் திட்டமிடுவர்; ஒருவர் கற்பிக்க மற்றவர்கள் மாணவரின் கொப்பிகளையும் பேச்சையும் கவனித்துக் குறிப்பெடுப்பர்; பின்னர் கூடி ஆராய்ந்து, பாடத்தைத் திருத்தி, வேறொரு வகுப்பில் மீண்டும் கற்பிப்பர். ஆராயப்படுவது பாடம், ஆசிரியரின் திறமை அல்ல.

மேற்சொன்ன தசமப் பாடத்தையே கிண்ணியாவின் மூன்று கணித ஆசிரியர் எடுத்துக்கொண்டால் என்ன நிகழக்கூடும் என்று எண்ணிப்பார்க்கலாம். கடலையும் களப்பையும் வயலையும் அண்டிய ஊரில், மீன் நிறுக்கும் டிஜிட்டல் தராசைக் கொண்டு பாடத்தைத் தொடங்கலாம் என்பது எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை. 0.7 கிலோ மீனும் 0.35 கிலோ மீனும் படமாக வைக்கப்பட்டால், மாணவர் பலரும் சரியான விடையைச் சொல்லக்கூடும். கற்பித்தவருக்குப் பாடம் வெற்றி. ஆனால் பின்வாங்கில் அமர்ந்திருப்பவர், மாணவர் 700 கிராம், 350 கிராம் என்று முழுவெண்ணாக மாற்றிக்கொண்டு தசமப் புள்ளியையே தொடாமல் தப்பிவிட்டதைக் காண்பார். கிராமில் பழகிய உள்ளூர் உதாரணம் பழைய விதியைக் கலைக்காமல், அதற்குப் புதிய உறைவிடம் கொடுத்திருக்கிறது. அடுத்த தடவை தராசுக்கு முன்னரே, பத்தாகப் பிரித்த ஒரு மீற்றர் கடதாசிப் பட்டியை மாணவரின் கையில் கொடுத்து, 0.7ஐயும் 0.35ஐயும் அதில் குறிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று அம்மூவரும் முடிவுசெய்யக்கூடும். உள்ளூர்ச் சூழலைப் பாடத்தில் புகுத்தினால் போதும் என்று செயலமர்வுகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை எவ்வளவு அரைகுறையானது என்பதை இப்படியான ஒரு பாடவேளை காட்டிவிடும்.

இத்தகைய கற்றலுக்கு இலங்கையின் கல்வி நிருவாகத்தில் இடமில்லாமல் இல்லை. உலக வங்கியின் உதவியுடன் 2012அளவில் தொடங்கிய பாடசாலைக் கல்விச் சீர்திருத்தத் திட்டத்தின் கீழ், பாடசாலை மட்ட ஆசிரியர் வாண்மை விருத்தி, அதாவது ஆசிரியர்கள் தம் தேவையைத் தாமே இனங்கண்டு தம் பாடசாலையிலேயே கற்கும் ஏற்பாடு, அறிமுகமானது. ஆனால் மண்டபத்தில் வெளி வளவாளர் ஒருவரின் உரையும் சிற்றுண்டியும் வருகைப் பதிவும் கொண்ட ஒரு நாளையும் அதே பெயரால் அறிக்கையில் சேர்த்துவிட முடியும். எளிதானதே அதிகம் நடப்பதில் வியப்பில்லை.

கடினமானதைத் தடுப்பவற்றுள் முதலாவது, வகுப்பறைக் கதவு. அட்டாளைச்சேனை, மட்டக்களப்பு முதலிய தேசிய கல்வியியற் கல்லூரிகளில் மூன்றாண்டு பயில்வோர், இறுதியாண்டைக் கட்டுறு பயில்வாகப் பாடசாலைகளில் கழிக்கின்றனர். அவ்வாண்டில் அவர்தம் பாடத்தைப் பிறர் பார்ப்பது முறையாகவே நடக்கிறது. நியமனம் பெற்ற பின்னரோ வகுப்புக்குள் வருபவர் அதிபர் அல்லது வலய அதிகாரி, வருவது மேற்பார்வைக்கு. பார்வையிடப்படுதல் குறை காணப்படுதலாகவே பல்லாண்டு பழகிவிட்ட இடத்தில், சக ஆசிரியரைப் பின்வாங்கில் அமர அழைப்பதற்குத் துணிவு வேண்டும்; அத்துணிவை முதலில் காட்ட வேண்டியவர் அங்கே மிக மூத்தவராகவும் நல்ல பெயர் பெற்றவராகவும் இருந்தால்தான் இளையவர் தொடர்வர். ஐந்தாந்தரப் புலமைப்பரிசில், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைகளின் பெறுபேற்றால் பாடசாலை அளக்கப்படுவது மற்றொரு தடை. ஒரு பாடவேளையை மூன்று தடவை ஆராய்வது, பாடத்திட்டத்தை முடிக்க ஓடுபவருக்கு ஆடம்பரமாகத் தோன்றும். 1ஆம், 6ஆம் தரங்களில் 2026இல் தொடங்கத் திட்டமிடப்பட்ட, பாடங்களைச் சிறு அலகுகளாக வகுக்கும் புதிய மறுசீரமைப்பும் இதே நெருக்கடிக்குள்தான் நுழைகிறது.

சிறிய பாடசாலைகளின் சிக்கல் வேறு. அங்கே விஞ்ஞானத்துக்கு ஓர் ஆசிரியர், கணிதத்துக்கு ஓர் ஆசிரியர் மட்டுமே இருக்கலாம். சேர்ந்து திட்டமிட எவருமில்லை. அருகருகேயுள்ள பாடசாலைகளை ஒன்றிணைத்து வளங்களைப் பகிரச் செய்யும் கொத்தணி முறையை 1981ஆம் ஆண்டின் கல்வி வெள்ளை அறிக்கை முன்மொழிந்திருந்தது. ஆசிரியர் கற்றலுக்காக அவ்வெண்ணத்தை மீட்டெடுக்கலாம். ஆயினும் கிண்ணியாவில் அருகருகே என்பதை வரைபடத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க இயலாது. 2021 நவம்பர் 23இல் அங்குள்ள குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அதன் பின் எந்தக் கூட்டத்தையும் நீரின் எந்தக் கரையில், எந்த நேரத்தில் வைப்பது என்பது அற்ப விடயமாக இருக்க முடியாது. மாதம் ஒரு தடவை நேரில் கூடுவதும், இடையில் பாடத்தைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பகிர்ந்து உரையாடுவதும் நடைமுறைக்கு ஏற்றதாகலாம்; ஆனால் கமெரா ஆசிரியரை நோக்காமல் மாணவரின் கொப்பியை நோக்க வேண்டும்.

பெரிய பாடசாலைகளுக்கு இவ்வளவும் வேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் நேரசூசி தயாராகும்போது, கணித ஆசிரியர் மூவரின் ஓய்வுப் பாடவேளைகளுள் ஒன்று ஒரே நாளில், ஒரே நேரத்தில் விழும்படி அமைத்து, அந்தப் பாடவேளையில் அவர்களைப் பதில் கடமைக்கு அனுப்புவதில்லை என்று அதிபர் முடிவெடுத்தால் தொடங்கிவிடலாம். அதற்கு மகரகமவிலிருந்து சுற்றறிக்கை வரவேண்டிய தேவையுமில்லை.