தீவகத்து ஆச்சிமாரின் கல்வெட்டு

யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களில் ஒருவர் இறந்த 31ஆம் நாள் அந்தியேட்டி என்னும் கிரியை நடைபெறும். கீரிமலையிலோ ஊர்க் கடற்கரையிலோ கிரியை முடிந்து, வீட்டுக்கிருத்தியத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்போது ஆளுக்கொரு சிறு புத்தகம் கொடுக்கப்படும். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே அவருடைய வரலாறும் தேவார திருவாசகங்களும் இருக்கும். நினைவு மலர் என்று இப்போது அச்சிட்டாலும் ஊரார் வாயில் அது ‘கல்வெட்டு’தான். தீவகத்தில், அதாவது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளில், ஊர்காவற்றுறை, நெடுந்தீவுக் கத்தோலிக்கர்களிடையே 31ஆம் நாள் திருப்பலியோடு இதே போன்ற நினைவு மலர் கொடுப்பதுண்டு. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு போன்ற தீவக ஊர்களில் வீட்டோடு வாழ்ந்து மறைந்த ஓர் ஆச்சியைப் பற்றி அச்சேறுகிற ஒரே எழுத்து பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

கல்வெட்டின் மிகப் பழைய உறுப்பு திதி வெண்பா. இறந்த தமிழ் வருடம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா என்பது, திதி ஆகியவற்றை நான்கு அடிக்குள் அடக்கிச் சொல்லும் பாட்டு அது. ஆண்டு நினைவுக் கிரியையான ஆட்டைத் திவசம் ஆங்கிலத் தேதியில் வருவதில்லை, திதியில் வருகிறது. வெண்பா மனத்தில் நின்றால் பேரப்பிள்ளைகளுக்கும் நாள் தவறாது. அடுத்து வருவது புலம்பல்: கணவர், மக்கள், மருமக்கள், பேரர் எனத் தனித்தனியே அழும் பாட்டுகள். ஊர்ப் புலவர் ஒருவர் இறந்தவரை அறிந்து பாடியிருந்தால் இவை நெஞ்சைத் தொடும். பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டவை எந்த ஆச்சிக்கும் பொருந்தும். அதனாலேயே எவரையும் காட்டுவதில்லை.

வரலாற்றுப் பகுதியின் வாசகம் மரண அறிவித்தலின் வாசகமே. இன்ன வட்டாரத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னார் இன்னாரின் அன்புத் தாயார், மாமியார், பேர்த்தியார், பூட்டி. உறவு ஒன்றுகூட விடுபடாது. விடுபட்டால் மனத்தாங்கல் வரும். ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறையை இரண்டு பக்கத்தில் அறிய இதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆனால் அந்தப் பெண் எழுபது, எண்பது ஆண்டுகள் என்ன செய்தார் என்பதற்கு ‘சிறந்த இல்லத்தரசியாக விளங்கினார்’ என்ற ஒற்றை வரிதான் கிடைக்கும்.

அந்த ஒற்றை வரிக்குள் இருந்த வேலை பெரியது. தீவக ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை ஊர்களிலும் கடை நடத்தியவர்கள். கோயில் திருவிழாவுக்கும் வீட்டு நன்மை தீமைக்குமே ஊர் வருவார்கள். இடைப்பட்ட மாதங்களில் வயல், ஆடு மாடு, வேலியடைப்பு, பிள்ளைகளின் படிப்பு, கொடுக்கல் வாங்கல் எல்லாம் பெண்ணின் பொறுப்பு. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் சீதனச் சொத்தைப் பெண்ணுடையதாக வகுத்தது. வீடும் வளவும் மகளுக்குப் போக, மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே பேரப்பிள்ளைகள் வளர்ந்தது பெரும்பாலும் அம்மம்மாவின் கையில்.

அன்றாட வேலையும் எளிதல்ல. தீவகத்தில் கிணற்று நீர் பல இடங்களில் உவர். குடிக்கவும் சோறாக்கவும் நல்ல தண்ணிக் கிணறு தேடிக் குடத்தோடு நடக்க வேண்டும். நெடுந்தீவில் சாறாப்பிட்டிக் கிணறுகள் பெயர் பெற்றது இதனால்தான். ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியலில் பொறுக்கிவந்து களியைப் பிழிந்து பாயில் ஊற்றி, காய்ந்த படையின்மேல் மறுநாளும் ஊற்றி, பல நாள் வெயிலில் வைத்துப் பனாட்டு ஆக்குவார்கள். கொட்டையைப் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு. அவிக்காமல் கிழித்துக் காயவைத்தது ஒடியல், அவித்துக் காயவைத்தது புழுக்கொடியல். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை இறுத்து, மறுபடி நீர் விட்டு, கைப்புப் போகும்வரை இப்படியே செய்ய வேண்டும். எத்தனை தரம் என்பது ஆச்சியின் நாக்குக்குத் தெரியும். பிறகு மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் வெந்த உலையில் அந்த மாவைக் கரைத்து ஊற்றி, புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவார். முற்றத்தில் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் பனையோலைப் பிளாவில் வார்த்த பிறகே அவருக்கு.

1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளால் தீவகத்தின் பல ஊர்கள் இடம்பெயர்ந்தன. கல்வெட்டில் வதிவிடம் என்ற இடத்தில் வன்னி, கொழும்பு, பாரிஸ், ஸ்காபரோ என ஊர்கள் கூடின. நெடுந்தீவில் பிறந்த ஒருவரின் கல்வெட்டு ரொறன்ரோவில் அச்சாகிறது. அம்மம்மாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதும் பக்கங்களும் இப்போது வருகின்றன. மரபு குலைந்ததாகச் சிலர் வருந்துவதுண்டு. உண்மையில் இந்தப் பக்கங்களில்தான் புட்டின் மணமும் அதை அவித்த நீத்துப்பெட்டியும் இரவில் கேட்ட கதையும் இடம்பெறுகின்றன. வழக்கமான வாசகம் விட்ட இடத்தை இவை நிரப்புகின்றன.

சொந்தக்காரருக்குக் கொடுத்து முடிந்ததும் கல்வெட்டுகள் பெட்டியடியிலும் சாமியறையிலும் கிடந்து செல்லரித்துப் போகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. வீட்டில் ஒரு பழைய கல்வெட்டு இருந்தால் அதை அங்கே சேர்ப்பியுங்கள். புதிதாக ஒன்று அச்சிட நேர்ந்தால், உறவுமுறைப் பட்டியலுக்குக் கீழே ஆச்சி செய்த வேலைகளுக்கென ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.