மலைப்பாதையில் ஒரு படச்சுருள்

மேட்டுப்பாளையத்தில் நின்று வடமேற்கே நோக்கினால் நீலகிரி உண்மையாகவே நீலமாகத்தான் தெரிகிறது. பெயருக்குக் குறிஞ்சி மலரைக் காரணம் சொல்வோர் உண்டு. ஆனால் மலையேறிப் பார்த்தால் மரம் பச்சை, பாறை சாம்பல், மண் சிவப்பு. அப்படியானால் அடிவாரத்திலிருந்து கண்ட நீலம் எங்கே போயிற்று?

அது மலையின் நிறமன்று. உங்களுக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்றின் நிறம். காற்றின் மூலக்கூறுகள் குறுகிய அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் இச்சிதறல் அமையும் என்பது ராலே கண்ட விதி. 450 நானோமீட்டர் நீல ஒளி, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறும், கணக்கிட்டுப் பாருங்கள். கண்ணுக்கு இந்த நீலம் அழகு. படச்சுருளுக்கோ இது பெருந்தொல்லை. எப்படித் தொல்லை என்பதை நான் கல்லூரி மாணவனாக இருந்தபோது காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

2001-ஆம் ஆண்டு கோடை விடுமுறை. என் நண்பனின் தந்தை மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டி நடத்திவந்தார். அவருடைய பழைய அம்பாசடர் காரில் குன்னூர், உதகை, கூடலூர், தெப்பக்காடு வழியாக மைசூர் சென்று வருவதென்று முடிவு செய்தோம். நண்பனின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொணர்ந்த 35 மில்லிமீட்டர் காமிரா ஒன்று வீட்டில் இருந்தது. ஆளுக்குப் பாதியாகக் காசு போட்டுக் கறுப்பு வெள்ளைச் சுருள்கள் இரண்டு வாங்கினோம். சுருளுக்கு 36 படம். 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதைக்கு மொத்தம் 72 படங்கள். கைப்பேசியில் ஒரு பிறந்தநாள் விழாவுக்கே அதைவிடக் கூடுதலாக எடுத்துவிடுகிறீர்கள் அல்லவா?

குன்னூரில் வேலை இருந்ததால் நண்பனின் தந்தையும் அதுவரை எங்களுடன் வந்தார். பர்லியாறில் ஒரு பழக்கடை முன்பு அவரை நிறுத்திப் படமெடுத்தோம். "ஏன் கண்ணு, இந்தப் பொட்டி நெசமாப் படம் புடிக்குமா?" என்று சிரித்தார். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் ஒளியின் அளவைப் பார்ப்போம். நல்ல வெயிலில், 100 வேகமுள்ள சுருளுக்கு, வில்லையின் துளையை எஃப் 16 என்று வைத்து, ஷட்டர் என்னும் மூடுதிரையை 1/125 வினாடி திறந்தால் போதும். கல்லாறு வரை இக்கணக்கு பொய்க்கவில்லை. பர்லியாறின் பாக்குத் தோப்பு நிழலுக்குள் நுழைந்ததும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் கண்ணுக்கு அது தெரிவதில்லை. பாவை விரிந்து சரிசெய்துகொள்கிறது. துளையை எஃப் 5.6 ஆகத் திறந்தால்தான் எட்டு மடங்கு ஒளி கிடைக்கும். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பதில் எல்லோருக்கும் ஒருமுறையாவது குழப்பம் வரும். குவிதூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்த ஈவே அந்த எண் என்று அறிந்தால் குழப்பம் தீரும்.

அடுத்த கேள்வி: ஓடும் காரிலிருந்து படமெடுக்கலாமா? நண்பன் கூடாது என்றான், நான் கூடும் என்றேன். இருவர் கூற்றும் சரியே! கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதாவது வினாடிக்கு 10 மீட்டர். 1/125 வினாடியில் அது 8 சென்டிமீட்டர் நகரும். வில்லையின் குவிதூரம் 50 மில்லிமீட்டர் என்றால், 5 மீட்டர் தொலைவிலுள்ள மைல்கல்லின் பிம்பம் சுருளின்மேல் 0.8 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படம் முற்றிலும் கலங்கிவிடும். 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலைமுகட்டின் பிம்பமோ 0.002 மில்லிமீட்டர்தான் நகரும். யாராலும் கண்டுபிடிக்க இயலாது. எனவே, தொலைவிலுள்ள மலையை எடுக்கலாம். வேலியோரத்துக் குரங்கை எடுக்க வேண்டுமானால் காரை நிறுத்துங்கள்.

இனி, பெட்டிக்குள் நடப்பது யாது? சுருளின்மேல் ஜெலட்டின் படலம் பூசப்பட்டிருக்கிறது. அதில் வெள்ளி புரோமைடின் நுண்படிகங்கள் புதைந்துள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவே. ஒளித்துகள் ஒன்று படிகத்தைத் தாக்கும்போது ஓர் எலெக்ட்ரான் விடுபட்டு, படிகத்தின் குறையுள்ள ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது. அந்த எதிர்மின்னூட்டத்தை நாடி வெள்ளி அயனி ஒன்று வந்து சேர்ந்து வெள்ளி அணுவாகிறது. மீண்டும் ஓர் எலெக்ட்ரான், மீண்டும் ஓர் அயனி. இவ்விளக்கத்தை 1938-இல் கர்னி, மாட் என்னும் இரு இயற்பியலார் வழங்கினர். நான்கைந்து அணுக்கள் சேர்ந்தால் அப்படிகம் 'ஒளி பட்ட படிகம்' ஆகிவிடும். எந்த நுண்ணோக்கியில் பார்த்தாலும் அங்கே படம் தெரியாது. இதுவே மறையுருவம். டெவலப்பர் என்னும் உருத்துலக்கிக் கரைசல் அந்தச் சில அணுக்களைப் பிடித்துக்கொண்டு முழுப் படிகத்தையும் வெள்ளியாக்கிவிடுகிறது. கிட்டத்தட்ட 100 கோடி மடங்குப் பெருக்கம்! இதற்கு ஈடான பெருக்கியை என் ஆய்வுக்கூடத்தில் நான் கண்டதில்லை.

வெள்ளி புரோமைடு இயல்பாக நீலத்துக்கும் புறஊதாவுக்கும்தான் மசியும். ஹெர்மன் வோகல் 1873-இல் சாயம் சேர்த்து மற்ற நிறங்களையும் உணரச் செய்தார். ஆயினும் நீலத்தின்மேல் அதற்குள்ள பற்று முழுதும் போகவில்லை. அதனால்தான் நீலகிரி படத்தில் வெளிறி, வானத்தோடு கரைந்துவிடும். மஞ்சள் வடிகட்டி ஒன்றை வில்லைக்கு முன் மாட்டினால் சிதறிய நீலம் தடுக்கப்பட்டு மலை மீண்டும் தோன்றும். எங்களிடம் அது இல்லை.

உதகையிலிருந்து கூடலூர் செல்லும் வழியில் இந்துநகர் வருகிறது. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. மத்திய அரசு 1960-இல் தொடங்கிய இந்நிறுவனம் 1967-இல் உற்பத்தியைத் துவக்கியது. 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களும் எக்ஸ்ரே படச்சுருள்களும் இங்கிருந்து நாடெங்கும் சென்றன. மலையுச்சியில் ஏன் தொழிற்சாலை? தூசியற்ற குளிர்ந்த காற்றுக்காக. படிகம் ஒரு மைக்ரான் என்றால், பத்து மைக்ரான் தூசி ஒன்று விழுந்தால் எத்தனை படிகங்கள் மறைபடும் என்று எண்ணிப் பாருங்கள். பூச்சு வேலையைக் கும்மிருட்டிலேயே செய்தாக வேண்டும். 1990களில் நலிவுற்ற அந்த ஆலை பின்னர் மூடப்பட்டுவிட்டது.

உதகையை அடையும்போது எங்கள் காமிராவின் எண்காட்டி 36-ஐக் காட்டியது. நெம்புகோல் மேலும் நகர்ந்தது. 37, 38, 39! கடைக்காரர் கூடுதலாக அடைத்துவிட்டார் போலும் என்று மகிழ்ந்தோம். இரண்டாம் சுருளை மாட்டிக்கொண்டு மைசூர் போய்த் திரும்பினோம்.

ஊருக்கு வந்து முதல் சுருளைக் கழுவக் கொடுத்தோம். ஸ்டுடியோக்காரர் ஈரச் சுருளை விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினார். கண்ணாடிபோல் வெறுமை. ஆனால் ஓரத்தில் 1, 2, 3 என்ற எண்கள் மட்டும் தெளிவாக இருந்தன. அவை ஆலையிலேயே ஒளியால் பதிக்கப்படுபவை. எண்கள் தெரிவதால் கரைசலில் பழுதில்லை. படங்கள் இல்லாததால் சுருள் நகரவேயில்லை. நுனி பற்சக்கரத்தில் மாட்டாமல் வழுவிவிட, 39 முறையும் ஒரே துண்டின்மேல்தான் ஒளி விழுந்திருக்கிறது. நெம்புகோலைத் தள்ளும்போது இடப்பக்கத்துக் குமிழ் சுழல்கிறதா என்று நான் ஒருமுறை பார்த்திருந்தால் போதும். சுருளை மாட்டியவன் நான்தான்.

"ஒண்ணுகூட இல்லியாடா?" என்று மட்டும் நண்பன் கேட்டான். அதன்பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டாம் சுருளை அவன் கழுவக் கொடுத்திருப்பான் என்று நானும், நான் எடுத்துப் போயிருப்பேன் என்று அவனும் இருந்துவிட்டோம். 2004-இல் அவன் தந்தை காலமானார். பர்லியாறுப் படம் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு வராத நாளில்லை.

2023-இல் மண்டியின் இரும்புப் பெட்டியை ஒழிக்கும்போது காமிரா அகப்பட்டது. திறந்து பார்க்கப் போனவனைத் தடுத்து, குமிழை மெல்லத் திருப்பினேன். இறுகிப் பிடித்தது. உள்ளே சுருள் இருந்தது!

இருபத்திரண்டு ஆண்டுகளில் மறையுருவத்துக்கு என்ன நேரும்? ஈரமும் ஆக்சிஜனும் அந்தச் சில வெள்ளி அணுக்களை மீண்டும் அயனிகளாக்கிக் கரைக்கின்றன, படம் மங்குகிறது. மறுபுறம், மேட்டுப்பாளையத்து வெயிலின் வெப்பமே எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. அண்டக்கதிர்களும் தம் பங்குக்குத் தாக்குகின்றன. ஒளி படாத படிகங்களும் கறுத்து மூடுபனி படர்கிறது. சுருளைக் காரின் முன்பலகையில் வெயிலில் வைக்காதீர்கள் என்பதும் இதனால்தான். அங்கே ஒரு பிற்பகலிலேயே கெட்டுவிடக்கூடும். உருத்துலக்கியில் சிறிது பொட்டாசியம் புரோமைடு சேர்த்தால் இம்மூடுபனி ஓரளவு அடங்கும். அவ்வாறே கல்லூரி இருட்டறையில் கழுவினேன்.

முதல் முப்பது படங்களில் காடும் சாலையும் யானையின் பின்புறமும். முப்பத்தொன்றாவது நாங்கள் எடுத்ததன்று. நண்பனின் தங்கை அப்போது சிறுமி. யாருக்கும் தெரியாமல் காமிராவை எடுத்து ஒருமுறை அழுத்தியிருக்கிறாள். மூட்டைகளுக்கு நடுவே, துண்டை உதறியபடி, பாதி தலை வெட்டுண்டு, அவள் தந்தை. சாம்பல் படர்ந்திருந்தாலும் சிரிப்பு தெரிகிறது.

அழுத்தமான தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். மண்டியில் தராசுக்கு மேலே மாட்டியிருக்கிறான்.