தேய்வும் ஒரு சரித்திரமே
பழைய மின்கித்தார்களைச் செப்பனிடும் முறை

கற்பிட்டித் தீபகற்பத்தின் ஒருபுறம் இந்து சமுத்திரம். மறுபுறம் புத்தளக் களப்பு. இரு நீர்ப்பரப்புகளினின்றும் எழும் உப்புக்காற்று, ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டிலே தொடங்கி 1676இல் கட்டிமுடித்த கோட்டையை அரிப்பதுபோலவே, அவ்வூர் வீடுகளில் உறைக்குள் உறங்கும் பழைய கித்தார்களையும் அரித்து வருகின்றது. அவற்றைப் பேணும் வழியை மாணாக்கரும் அறிதல் நன்றென எண்ணி இதனை வரையலானேன்.

மின்கித்தார் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்தன அதனைச் சிங்கள இசையிலே நிலைநிறுத்தினார். 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் தமிழ்ப் பொப்பிசையைப் பரப்பினர். அந்நாளில் என் தமையனாரும் கித்தார் ஒன்று வாங்கிக் கற்பிட்டிக் கலியாண வீடுகளில் வாசித்து வந்தார். அவர் மறைந்தபின், அதனைப் புதுப்பித்தல் அன்பின் கடனென்று கருதி ஒரு பட்டறையில் ஒப்படைத்தேன். அவர்கள் மேற்பூச்சைச் சுரண்டி, பளபளக்கும் சாயம் பூசித் தந்தார்கள். அண்ணியார் அதனைக் கையில் வாங்கி, அவர் முழங்கை பட்டுத் தேய்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தார், காணவில்லை. “இது அவருடையதன்று” என்று திருப்பித் தந்தார். பிழை பட்டறையினதன்று, புதிதாக்கித் தருமாறு கேட்டவன் நானே.

இனி, கருவியின் இயல்பை நோக்குவோம். உருக்குத் தந்தி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தத்தின் புலம் மாறுகின்றது. அம்மாற்றம் காந்தத்தைச் சுற்றியுள்ள செப்புக் கம்பிச்சுருளில் மின்னைத் தூண்டுகின்றது. இது பரடே 1831இல் கண்ட விதியேயாம். அக்கம்பி தலைமயிரினும் மெல்லியது. பல்லாயிரம் சுற்றுகள் கொண்டது. ஓரிடத்திற் பச்சை பூத்து அறுந்தாலும் ஒலி மங்கும், அன்றேல் அடங்கிவிடும். எனவே பிணி எங்குள்ளதென அறியாமல் மருந்திடலாகாது.

முதலாவது, எதனையும் கழற்றுமுன் நிழற்படம் எடுத்துக் குறிப்பெழுதுக. இரண்டாவது, ஒலியைத் தடுப்பதை மட்டும் திருத்துக. கரகரக்கும் குமிழையும் ஆளியையும் மாற்றுமுன் உரிய துப்புரவுத் திரவத்தால் கழுவிப் பார்க்க. பெரும்பாலும் அதுவே போதும். விட்டுப்போன பற்றாசை மீண்டும் இடுக. துருவேறிய தந்திகளை மாற்றுக; அவை தேய்வதற்கென்றே அமைந்தவை. மெட்டுக்களும் அத்தகையனவே. வீணைக்கு மெழுகிட்டு மெட்டுக்களை மீளப் பதிப்பதனால் அதன் பழமை குன்றுவதில்லையன்றோ? கித்தாரின் மெட்டுக்களையும் இயன்றமட்டும் அராவிச் சமன்செய்து, இயலாதவிடத்தே புதியன பதிக்கலாம்.

மூன்றாவது, மேற்பூச்சைத் தொடாதிருக்க. 1950களின் கித்தார்கள் பலவற்றிற் பூசப்பட்ட நைட்ரோசெல்லுலோசு வார்னிசு, காலப்போக்கில் மஞ்சளித்து நுண்ணிய வெடிப்புக் கொள்ளும். வெடிப்பு நோயன்று, முதுமை. மெல்லிய துணியால் துடைத்தல் சாலும். நான்காவது, கழற்றிய பழைய உறுப்பை எறியாது, உறையிலிட்டுக் கித்தாருடனேயே வைக்க. இன்று நாம் செய்ததை நாளை ஒருவர் மாற்ற விரும்பின், அதற்கு வழியிருத்தல் வேண்டும்.

தேய்வின் அருமையை வணிகரும் அறிவர். அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம், புதுக் கித்தார்களை வேண்டுமென்றே தேய்த்துப் பழையனபோல் ஆக்கி 1995 முதல் விற்று வருகின்றது. பொய்த் தேய்வுக்குப் பொருள் கொடுப்பார் உளராக, மெய்த் தேய்வை நாமே கூலி கொடுத்து அழிப்பது எவ்வளவு பேதைமை!

கற்பிட்டிக் கோட்டை முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. இடிந்தவிடத்தே சுண்ணச்சாந்து இட்டு நிறுத்தலாம். சுவர் முழுவதையும் சீமெந்தால் மூடின், கோட்டை நிற்கும், சரித்திரம் மறையும். கருவிக்கும் அதுவே நீதி. இளைஞர்காள்! உங்கள் இல்லங்களிற் பழைய கித்தார் இருப்பின், சாயக்காரரை நாடுமுன் அதனை வாசித்தவரின் கை பட்ட இடம் எதுவென்று வீட்டாரிடம் கேளுங்கள். ஒலியை மீட்கப் பலமுறை முயலலாம். அந்த இடத்தை ஒருமுறை இழந்தால் மீட்க வழியில்லை.